ஐந்தாவது வீட்டுச் சர்வர்

ஜெராக்ஸ்காரருக்கு ஐம்பத்திரண்டு வயது. கடை வைத்திருப்பவர் என்று நினைத்துவிடக் கூடாது. மெஷின்களை ரிப்பேர் செய்கிறவர். தெரியாத்தனமாக யாராவது "ரெண்டு காப்பி எடுத்துத் தாங்க" என்று தாளை நீட்டிவிட்டால் போதும், கோபம் பொத்துக்கொண்டு வரும். நகரத்தில் பாதி அலுவலகங்களின் மெஷின்கள் அவர் கைபட்டுத்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன. எந்த மெஷின் எப்போது தாளைக் கடித்துக்கொள்ளும், எந்தக் குமாஸ்தா ஸ்டேப்ளர் பின்னோடு தாளை உள்ளே விட்டுவிட்டு "தானா நின்னு போச்சு சார்" என்று பச்சைப் பொய் சொல்வார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. வலது கை நகக்கண்ணில் டோனர் மைத்தூளின் கருப்பு நிரந்தரமாகக் குடியிருக்கும். அவருடைய குணத்தைப் பற்றிக் கேட்டால் மனைவியே ஒரு வரியில் சொல்லிவிடுவாள்: "நல்ல மனுஷன்தான். வாயைத் திறக்காத வரைக்கும்."

அவருக்கு ஓர் அண்ணன். சர்வேயர் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒன்பது வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. வேறு ஊரில் இருந்தாலாவது பரவாயில்லை. ஒரே வீடு, நடுவில் ஒரு சுவர்.

அப்பா போன பிறகு வீட்டைப் பிரித்தபோது வெளியாள் தலையிடக் கூடாது என்று சர்வேயரே டேப்பைப் பிடித்தார். கோடு முன்னறை ஜன்னலுக்கு நட்டநடுவில் வந்து நின்றது. மனுஷனாகப் பிறந்த எவனும் கோட்டை ஒரு சாண் நகர்த்தியிருப்பான். சர்வேயர் நகர்த்தவில்லை. அளவென்றால் அளவு. சுவர் ஜன்னலைப் பிளந்துகொண்டு எழும்பியது. இன்றைக்கும் ஜன்னலின் ஒரு கதவு அண்ணன் பக்கம், ஒரு கதவு தம்பி பக்கம். "ரெண்டு அங்குலம் உன் பக்கம் கூடுதலா போயிருக்கு" என்று தம்பி சொன்னார். "எனக்கே அளவு சொல்லித் தர்றியா?" என்று அண்ணன் கேட்டார். அதோடு முடிந்தது உறவு.

பெண்டாட்டிகள் இருவரும் பேசிக்கொள்வார்கள். மொட்டை மாடியில் துணி காயப்போடுகிற சாக்கில் அங்கே ஒரு தனி அரசாங்கமே நடந்துகொண்டிருந்தது. கீழே இவர்கள் இரண்டு பேரும் கீரியும் பாம்பும். சர்வேயரைப் பற்றித் தம்பிக்கு ஒரே அபிப்பிராயம்தான்: கிழக்கே போ என்றால் மேற்கே போகிற ஆள். ஜன்னலுக்குப் பச்சை பெயின்ட் அடிக்க வேண்டாம், கண்றாவியாக இருக்கும் என்று மனைவி மூலம் ஒருமுறை சொல்லி அனுப்பினார். மறுநாளே பாதி ஜன்னல் பச்சையாகிவிட்டது.

சனியன் பிடித்த விஷயம் என்னவென்றால், மெயின் போர்டு அண்ணன் பக்கத்து வராந்தாவில் மாட்டிக்கொண்டது. பழைய காலத்துப் போர்டு. அறைக்கு ஒன்றாகப் பீங்கான் ஃப்யூஸ் கட்டைகள் வரிசையாக இருக்கும். தம்பி வீட்டு அறைகளுடைய உயிரும் அங்கேதான் இருந்தது.

இந்த லட்சணத்தில்தான் சர்வர் என்கிற ராட்சசக் கம்ப்யூட்டர் வந்து சேர்ந்தது. இழுத்து மூடப்பட்ட ஓர் இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் அதை எடைக்குப் போடப் பார்த்தார்கள். ஜெராக்ஸ்காரருக்கு மனசு கேட்கவில்லை. ஆட்டோவில் ஏற்றி வந்து பின்னறையில் வைத்தார். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதைதான். ஸ்விட்சைப் போட்டால் மிக்ஸியில் கருங்கல்லைப் போட்டு அரைக்கிற சத்தம். பின்னறைச் சுவருக்கு அந்தப் பக்கம் சர்வேயரின் கட்டில். மதியம் ஒரு மணியிலிருந்து நாலு மணி வரை தூங்குவது ஓய்வுக்குப் பிறகு அவர் எடுத்துக்கொண்ட புது உத்தியோகம்.

சரி, அந்தப் பூதத்தை வைத்துக்கொண்டு அவர் என்னதான் செய்தார்? ஊருக்குக் கொடுத்தார்.

அவர் மெஷின் பார்க்கப் போகிற ஆஸ்பத்திரியில் ஒரு டெலிபோன் ஆபரேட்டர் அம்மா இருந்தார். பிறவியிலேயே கண் தெரியாதவர். ஜெராக்ஸ் மெஷின் அவருடைய அறை வாசலில்தான் இருந்தது. கம்ப்யூட்டர் திரையில் இருப்பதைப் படித்துக் காட்டுகிற மென்பொருள் ஒன்றை அவரும் முகம் தெரியாத முப்பது நாற்பது பேரும் சேர்ந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். "விக்கிறதுக்கு இல்ல சார். யார் வேணா எடுத்துக்கலாம், யார் வேணா திருத்தலாம்" என்றார் ஆபரேட்டர். அதன் குரல்தான் சகிக்காது. ஜலதோஷம் பிடித்த தகர டப்பா பேசுவது போல இருக்கும். நாள் முழுக்க அதைக் காதில் வாங்கிக்கொண்டுதான் அவரைப் போன்றவர்கள் வேலை பார்த்தார்கள்.

ஆபரேட்டரின் கணவர் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். நல்ல கனத்த குரல். மென்பொருளுக்குத் தன் குரலையே கொடுத்துவிடுவதாக உட்கார்ந்தார். வேலை முடிந்து வந்து, நாலு பக்கமும் கம்பளி தொங்கவிட்ட ஓர் அறைக்குள் வேர்க்க வேர்க்க உட்கார்ந்து, பதினாலு மாதத்தில் பதினோராயிரம் வாக்கியங்களைப் படித்துப் பதிவு செய்தார். கடைசி வாக்கியத்தைப் படித்த மூன்றாம் வாரம் பஸ் நம்பர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மைக் முன்னால் சாய்ந்தார். முடிந்துபோயிற்று.

அந்தப் பதிவுகளை வைத்துக் குரலைச் செய்து முடிக்க வேண்டும். அதற்குப் பல மெஷின்கள் மாதக் கணக்கில் ஓட வேண்டும். காசு கொடுத்து வாடகைக்கு எடுக்கக் கூட்டத்துக்கு வக்கில்லை. "உங்க வீட்ல சும்மா கிடக்கிற மெஷின் ஏதாவது இருக்கா சார்?" என்று ஆபரேட்டர் கேட்டார். ஜெராக்ஸ்காரர் மார்தட்டிக்கொண்டு, "இருக்கும்மா. லாரி சைஸுக்கு ஒண்ணு இருக்கு" என்றார். அப்படித்தான் ஐந்து வீட்டு மெஷின்களில் அவருடையது ஐந்தாவதாகச் சேர்ந்தது.

ஏற்பாடு இதுதான். கூட்டத்துக்கு ஒரு தலைமை மெஷின். எல்லாப் பதிவுகளும் அதில் இருக்கும். ஐந்து வீட்டு மெஷின்களும் மணிக்கு ஒருமுறை தலைமையை எட்டிப் பார்த்து, அதில் இருப்பது போலவே தங்களை மாற்றிக்கொள்ளும். அங்கே புதிதாக ஒன்று வந்தால் இங்கேயும் வரும். ஐந்து வீட்டில் பத்திரமாக இருக்கிறதே, இனி என்ன பயம் என்று எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள். ஆபரேட்டர் தன் கணவர் பதிவு செய்த லேப்டாப்பைக்கூட அழித்து, கண் தெரியாத ஒரு கல்லூரி மாணவிக்குக் கொடுத்துவிட்டார். அங்கே ஒன்று அழிந்தால் இங்கேயும் அழியுமே என்று கேட்க அந்த நாற்பது மேதாவிகளில் ஒருவருக்கும் தோன்றவில்லை!

வீட்டிலோ தினம் யுத்தம். மதியம் சத்தம் கேட்டால் சர்வேயர் பின்னறை ஃப்யூஸ் கட்டையைப் பிடுங்கிவிடுவார். ஜெராக்ஸ்காரர் சமையலறையிலிருந்து ஒயர் இழுத்தார். சர்வேயர் சமையலறைக் கட்டையையும் பிடுங்கினார். ஃப்ரிட்ஜில் இருந்த பால் திரிந்து, மனைவி போட்ட சத்தத்தில் அந்த ஒயர் வந்த வழியே திரும்பியது. தூக்கம் முடிந்து கட்டையைத் திரும்பச் சொருகும் நேரத்தில் ஜெராக்ஸ்காரர் எங்கேயாவது ஓர் அலுவலகத்தில் மெஷினுக்குள் தலையை விட்டுக்கொண்டிருப்பார். அதனால் ஒரு வேலை செய்தார். கரண்ட் வந்த கையோடு சர்வர் தானாகவே எழுந்து, முதல் காரியமாகத் தலைமையைப் பார்த்துத் தன்னைச் சரிசெய்துகொள்ளும்படி வைத்துவிட்டார். அண்ணனை ஜெயித்துவிட்டதாக அன்றைக்கு அவருக்கு ஒரே குஷி.

போன சனிக்கிழமை சண்டை முற்றிவிட்டது. "இது வீடா, மாவு மில்லா?" என்று சர்வேயர் சுவரைப் பார்த்துக் கத்தினார். "தூக்கம் வரலைன்னா வேலைக்குப் போகச் சொல்லு" என்று தம்பி மனைவியைப் பார்த்துக் கத்தினார். பிடுங்கிய கட்டையைச் சர்வேயர் திரும்பச் சொருகவில்லை. ஞாயிறு போயிற்று, திங்கள் போயிற்று, செவ்வாயும் போயிற்று. 'குடும்பக் காரணங்களால் என் மெஷின் சில நாள் ஓடாது' என்று ஜெராக்ஸ்காரர் கூட்டத்துக்கு எழுதிப் போட்டார். வேறென்ன எழுதுவது, என் அண்ணன் ஒரு பிசாசு என்றா?

புதன்கிழமை காலை மனைவி மாடியிலிருந்து சிரித்த முகமாக இறங்கி வந்தாள்.

"அக்கா பேசி முடிச்சுட்டாங்க. மத்தியானம் தூங்கி எழுந்ததும் நாலு மணிக்கு அவரே கட்டையைப் போட்டுடறாராம். போதும்டா இந்தச் சண்டைன்னு அவர் வாயாலேயே சொன்னாராம்."

"அவனா? சொன்னானா? சூரியன் எந்தப் பக்கம் உதிச்சுது இன்னிக்கு?"

"உங்களுக்கு நல்லதும் ஆகாது, கெட்டதும் ஆகாது" என்று சொல்லிவிட்டு அவள் வேலைக்குக் கிளம்பினாள்.

மதியம் மூன்றே முக்கால். ஓர் அலுவலகத்தின் இரண்டாம் மாடியில் மெஷினைப் பிரித்துப் பரப்பி வைத்திருந்தார். முழங்கை வரை டோனர். செல்போன் அடித்தது. ஆபரேட்டர்.

"சார், எல்லாம் போயிடுச்சு சார்."

எப்போதும் தண்ணீர் போல நிதானமாக வருகிற குரல் கிழிந்து வந்தது. நடந்தது இதுதான். கூட்டத்தில் ஒரு பேராசிரியர் இருந்தார். ஒழுங்கு ஒழுங்கு என்று உயிரை எடுப்பவர். தலைமை மெஷினில் இடம் அடைக்கிறது என்று பழைய குப்பைகளைக் கழித்துக்கட்ட உட்கார்ந்து, கிட்டத்தட்ட ஒரே பெயரில் கிடந்த இரண்டு ஃபோல்டர்களில் குரல் பதிவுகள் இருந்ததை அழித்துவிட்டார். அழித்துவிட்டு, 'சுத்தம் செய்தாயிற்று, நன்றியெல்லாம் வேண்டாம்' என்று பெருமையாக எழுதியும் போட்டார், புண்ணியவான்! ஒரு மணி நேரத்தில் நாலு வீட்டு மெஷின்களும் தலைமையைப் பார்த்துச் சமர்த்தாகத் தாங்களும் அழித்துக்கொண்டன.

"பதினோராயிரமும் போச்சு சார். ஒரு வார்த்தைகூட எங்கயும் இல்ல. உங்க மெஷின் சனிக்கிழமையிலேருந்து ஓடலைன்னு சொன்னாங்க. நிஜமாவே ஓடலையா? சத்தியமா ஓடலையா?"

"ஓடலம்மா" என்றார். சொல்லும்போதே கண் சுவர்க் கடிகாரத்துக்குப் போனது. மூன்று ஐம்பது. நாலு மணிக்கு அண்ணன் கட்டையைப் போடுவார். போட்ட கையோடு சர்வர் தானாக எழும், தலைமையைப் பார்க்கும், அழித்துக்கொள்ளும். செத்தவர் இரண்டாம் தடவை சாவார். வீடு பஸ்ஸில் நாற்பது நிமிஷம்.

மனைவிக்கு அடித்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மூன்று ஐம்பத்திரண்டு. அண்ணியின் நம்பர் அவரிடம் இல்லை. மனப்பாடமாக இருந்தது ஒரே ஒரு நம்பர்தான். ஒன்பது வருஷமாக விரல் படாத நம்பர்.

போடாதே என்று கெஞ்சினால் கண்டிப்பாகப் போட்டுவிடுவான் என்று அவருக்குத் தோன்றியது. பச்சை பெயின்ட் கண்முன் வந்து நின்றது. அந்த ஆளைத் தடுக்க ஒரே வழி, போடு என்று அதட்டுவதுதான். நாலு சாத்து சாத்தினால் வீம்புக்காவது போடாமல் உட்கார்ந்துகொள்வான். கறுத்த விரலால் நம்பரை அழுத்தினார்.

"யாரு?" தூக்கக் கலக்கமான குரல்.

"நான்தான். மரியாதையா இப்பவே கட்டையைத் திரும்பப் போடு. இல்ல, போலீஸைக் கூட்டிக்கிட்டு வருவேன்."

ஏச்சுக்காகக் காத்திருந்தார். அந்தப் பக்கம் சர்வேயர் சிரித்தார். பல வருஷம் கேட்காத சிரிப்பு.

"அடேய், ஒன்பது வருஷம் கழிச்சு போன் பண்றே. போலீஸா? சரி சரி, கத்தாதே. போடறேன்னு சொல்லியிருக்கேன் இல்ல?"

"சொன்னா போதுமா? உன் பேச்சை எவன் நம்புவான்? தூங்குமூஞ்சி! உருப்படாதவனே!"

"இருடா, எழுந்துட்டேன். நாலு மணி வரைக்கும்கூட வேண்டாம். இப்பவே போட்டுடறேன், போதுமா?"

செருப்பு தரையில் உரசுகிற சத்தம் போனில் கேட்டது. வராந்தாவுக்கு நடக்கிறார். வாழ்நாளிலேயே முதல் தடவையாகத் தம்பி சொன்னதைக் கேட்கிறார்! உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று யாரும் கேட்பார்கள். அண்ணா, போடாதே, அதில் ஒருத்தர் குரல் இருக்கிறது. இவ்வளவுதானே? ஆனால் ஒன்பது வருஷம் வைவதற்கென்றே பழகிய வாய்க்கு நல்ல வார்த்தை அவசரத்தில் கிடைப்பதில்லை. பத்து அடி தூரத்தில் போர்டு. அதற்குள் அவரை நிறுத்தியாக வேண்டும். ஜெராக்ஸ்காரரிடம் ஒரே ஓர் ஆயுதம் இருந்தது. எத்தனையோ சண்டையில் நாக்கு நுனிவரை வந்தும் எடுக்காமல் வைத்திருந்தது. மனைவிக்குக்கூடத் தெரியாது.

"அப்பா கடைசியா என்ன சொன்னார் தெரியுமா உனக்கு?"

செருப்புச் சத்தம் நின்றது.

"ஆஸ்பத்திரியில பெரியவனைக் கூப்பிடவான்னு கேட்டேன். வேண்டாம், அவன் வந்தா அளக்கத்தான் வருவான்னார். அதனாலதான் உனக்கு நான் சொல்லி அனுப்பல. போதுமா? இப்ப போடு கட்டையை."

பக்கத்து மேஜை குமாஸ்தா பேனாவைக் கீழே வைத்துவிட்டு இவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த ஜென்மத்துல அந்த ரூமுக்குக் கரண்ட் கிடையாது" என்றார் சர்வேயர். போன் வைக்கப்பட்டது.

ஜெராக்ஸ்காரர் பிரித்த மெஷினை அப்படியே விட்டுவிட்டு ஓடினார். வீட்டுக்குப் போய்ப் பின்னறையில் ஸ்க்ரூடிரைவரோடு உட்கார்ந்து டிஸ்க்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். கழற்றியவற்றை எந்த நெட்டும் இல்லாத வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தார். பதினோராயிரமும் இருந்தன. நாலு பிரதிகள் எடுத்தார். இந்தத் தடவை தலைமையைப் பார்க்காத, யாரையும் பார்க்காத பிரதிகள்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரி அறையில் ஆபரேட்டருக்கு ஒன்றைப் போட்டுக் காட்டினார். 'வானம் இருட்டிக்கொண்டு வருகிறது, குடையை எடுத்துக்கொள்' என்றது கனத்த குரல். முடிவில் லேசாக ஓர் இருமல். "இந்த இருமலை வெட்டிடணும்னு சொன்னாங்க சார். நான்தான் இருக்கட்டும்னேன்" என்றார் ஆபரேட்டர். கண்ணிலிருந்து கொட்டிக்கொண்டே இருந்தது, துடைத்துக்கொள்ளவும் இல்லை. பிறகு கேட்டார்: "கட்டையைப் பிடுங்கினது உங்க அண்ணன்னு சொன்னீங்களே? அவருக்கு என் நன்றியைச் சொல்லுங்க சார். அவர் மட்டும் பிடுங்கலைன்னா இவர் எனக்கு இல்ல."

அன்று சாயங்காலம் ஜெராக்ஸ்காரர் ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக அண்ணன் வாசற்படி ஏறினார். சர்வேயர் போர்டுக்குக் கீழே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஷேவ் செய்யாத முகம். உட்காரச் சொல்லவில்லை. அண்ணி உள்ளிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டாள். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார்: குரல், பேராசிரியர், நாலு வீடு, மூன்று ஐம்பது, எல்லாவற்றையும். ஆபரேட்டரின் நன்றியையும் சொன்னார். சர்வேயர் ஒரு குறுக்குக் கேள்வி கேட்காமல் கேட்டுக்கொண்டார்.

"அப்போ, போடக் கூடாதுங்கிறதுக்காகத்தான் போடு போடுன்னு கத்தினே?"

"ஆமா. வேண்டாம்னு சொன்னா நீ போட்டுடுவேன்னு நினைச்சேன்."

"நேத்து நீ என்ன சொல்லியிருந்தாலும் கேட்டிருப்பேன்டா. போன்ல உன் குரலைக் கேட்டதுமே எனக்கு..." முடிக்காமல் தெருவைப் பார்த்தார். பிறகு திரும்பினார். "அப்பா சொன்னதா சொன்னியே. அதுவும் அதுக்காகச் சொன்னதுதானா?"

ஜெராக்ஸ்காரருக்கு ஆஸ்பத்திரிக் கட்டிலும் அப்பாவின் உலர்ந்த உதடும் ஞாபகத்துக்கு வந்தன. அப்பா அதைச் சொன்னது நிஜம். ஓர் எழுத்து கூட்டவில்லை, குறைக்கவில்லை.

"ஆமாண்ணா" என்றார். "பொய்தான். உன்னை நிறுத்தறதுக்காகச் சொன்னேன். அப்பா அப்படி எல்லாம் சொல்லவே இல்ல."

சர்வேயர் தம்பியின் முகத்தையே பார்த்தார். நாற்பது வருஷம் நிலத்தைப் பார்த்து அளவு சொன்ன கண்.

"நேத்து போன்ல சொன்னப்போ நம்பினேன்" என்றார். "இன்னிக்குச் சொல்றதைத்தான் நம்ப முடியல."

எழுந்து பின்னறைக் கட்டையைப் போர்டில் சொருகினார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஜெராக்ஸ்காரர் வராந்தாவில் கொஞ்ச நேரம் நின்றிருந்துவிட்டுப் படி இறங்கித் தன் வீட்டுக்குப் போனார்.